பூட்டு உடையவில்லை

மறுகால் பலகையின் சாவி, குளம் இருக்கிற ஊரின் எல்லைக்குள், கிராம அதிகாரியான பார்வத்தியக்காரரின் பொறுப்பில் இருக்க வேண்டும். மழை மாதங்களில் கேட்ட நேரத்தில் அது கிடைக்க வேண்டும். இது விதி. தாலுகா கச்சேரியில் வேலை பார்த்த காலமெல்லாம் இப்படிப்பட்ட விதிகளைப் படியெடுத்து, முத்திரை வைத்து, ஊர் ஊராக அனுப்பியவன் நான். ஒரு வார்த்தை பிசகியதில்லை.

சாவி நாகர்கோவிலில் இருக்கிறது. நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

1955. ஐப்பசி. செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணி. நான்காவது நாளாக மழை. குளத்துக் கரைக்குக் கீழே, கரையை ஒட்டி ஒரு தெரு. அந்தத் தெருவில்தான் என் தங்கை ஞானம்மாளின் வீடு. அவளை மேட்டுக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன். வலது பக்கம் கரை. இரண்டு ஆள் உயரம். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். கரையின் நடுவயிற்றில் ஓரிடத்தில் கசிகிறது. தெளிந்த தண்ணீராக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். கலங்கி வருகிறது. அப்படியென்றால் கரை உள்ளேயிருந்து கரைகிறது.

ஞானம்மாள் வாசலில் நிற்கிறாள். தலையில் ஓலைக் குடை.

"ஏட்டி, புறப்படு. இப்பமே புறப்படு."

"அவிய ஆள் அனுப்புவேன்னு சொல்லிட்டுத்தான் அண்ணே போயிருக்காவ. ஒண்ணுமில்லாததுக்கு வீட்டைப் போட்டுட்டு ஓடுனா நாளைக்கு ஊரு சிரிக்கும்லா."

"சிரிக்கட்டும். வா."

"கோழியை மட்டும் பிடிச்சிட்டு வாறேன்."

அவள் குனிந்தாள். கூடையைத் தூக்கினாள். அப்போது கேட்டது. முதலில் புதுத்துணியைக் கிழிக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. மழைச் சத்தம்கூட இல்லை. அப்புறம் பாரவண்டி குடைசாய்கிற சத்தம். கரைமேல் ஓடிவந்த யாரோ ஒருவன் கத்தினான்.

"கரை பொட்டிட்டு! மேட்டுக்கு ஏறுங்க மக்கா! மேட்டுக்கு ஏறுங்க!"

தண்ணீர் நீலமாகவோ வெள்ளையாகவோ வரவில்லை. செம்மண் நிறம். அதற்கு முன்னால் வைக்கோற்போர் ஒன்று முழுசாக நின்றபடியே வந்தது. நான் வாசல் தென்னையைக் கட்டிக்கொண்டேன். ஏன் அவள் கையைப் பிடிக்கவில்லை, தென்னையைப் பிடித்தேன் என்று கேட்டவர்கள் உண்டு. தண்ணீர் என்னைத் தென்னையில் அறைந்தது. நான் பிடிக்கவில்லை. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டுச் சுவர் விழும் என்று நினைத்தேன். விழவில்லை. சர்க்கரைபோலக் கரைந்தது. கூரை மட்டும் அப்படியே இறங்கித் தண்ணீர்மேல் உட்கார்ந்து நகர்ந்து போனது. ஞானம்மாளை நான் மறுபடி பார்க்கவில்லை. அவள் சேலையைப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து. கீழ்வயலில்.

இதைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே, வயலும் குளமுமாகக் கிடக்கிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. குளத்துக்கு இரண்டு பக்கமும் பகை. கரைக்குக் கீழே வயல் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு நின்றாலும் போதாது. கும்பப்பூ நெல் விளைவதே அந்தத் தண்ணீரால். குளத்தின் உள்வாயில், தண்ணீர் ஏறுகிற பக்கத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கோ ஒரு சாண் கூடினாலும் நட்ட நாற்று முங்கும். மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுகிற இடம்தான் மறுகால். அங்கேதான் சண்டை. கீழ்வயல்காரர்கள் பனந்தடியைப் போட்டு, களிமண்ணை அப்பி, மறுகாலை ஒரு முழம் உயர்த்துவார்கள். உள்வாய்க்காரர்கள் யாரும் பார்க்காத நேரத்தில் அதைப் பிடுங்குவார்கள். மண்டை உடைந்திருக்கிறது. ஆனாலும் பழைய நாளில் ஒரு வழக்கம் இருந்தது. புரட்டாசி பிறந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். இரண்டு பக்கத்தாரும். கரை முழுக்க நடந்து நண்டு வளையையும் எலி வளையையும் களிமண்ணால் அடைக்க வேண்டும். மழை வலுத்தால் பனந்தடியை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து நின்று எடுக்க வேண்டும். அப்போது யாரும் யாரையும் ஏச மாட்டார்கள். ஏச்சு தை மாதத்துக்கு ஒத்திவைக்கப்படும்.

பிறகு குளம் மராமத்து இலாகாவின் கைக்குப் போனது. கரையில் மண் போடுவது சர்க்கார் வேலை. அதற்கு எஸ்டிமேட் வேண்டும். எஸ்டிமேட்டுக்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். ஊரார் கரையைத் தொட்டால் அத்துமீறல். நண்டுகளுக்கு இந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. அவை தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

மறுகால் சண்டையைத் தீர்க்க இலாகா ஒரு வழி கண்டது. பனந்தடிக்குப் பதில் தேக்குப் பலகை. பலகைக்குச் சங்கிலி. சங்கிலிக்குப் பூட்டு. சாவியை நாகர்கோவிலில் இருந்த ஓவர்சியர் வைத்துக்கொண்டார். விதியைச் சொல்லி நான் அவரிடம் கேட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வருடம் அது. விதி தெரிந்த கிழவர்களை யாருக்கும் பிடிப்பதில்லை. அவர் சிரித்தார்.

"சாவி ஊருக்குள்ள இருந்தா ஊரு ரெண்டுபடும் சாரே. அங்க இருந்தாத்தான் ரெண்டு பேருக்கும் சமாதானம்."

சமாதானம் இரண்டு மழைக்காலம் நீடித்தது. இரண்டிலும் மழை குறைவு.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்தபோது தண்ணீர் மறுகால் கல்லில் போட்டிருந்த சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. கோட்டைத் தொட்டால் பலகையைத் தூக்க வேண்டும். அதுவும் விதி. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சைக்கிளில் நாகர்கோவிலுக்குச் சாவி வாங்கப் போனார். ஊர் ஆண்கள் எல்லோரும் மறுகாலுக்கு வந்துவிட்டார்கள். காப்பாற்ற வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். காவலுக்கு வந்தார்கள். உள்வாய்க்காரர்கள் பூட்டை உடைத்துத் தண்ணீரை விட்டுவிடக் கூடாது என்று கீழ்வயல்காரர்கள் காவல். கீழ்வயல்காரர்கள் பலகைமேல் இன்னொரு தடியைப் போட்டுவிடக் கூடாது என்று உள்வாய்க்காரர்கள் காவல். கீழ்வயல்காரர்களுக்குத் தலைவன் மாசிலாமணி. என் தங்கை புருஷன். மறுபக்கத்துக்குப் பூதலிங்கம். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒரே வருடம் மீசை வைத்தவர்கள்.

நான் ஏழு மணிக்கு அங்கே இருந்தேன். தண்ணீர் கோட்டுக்கு மேலே நான்கு விரல். இனிப் பலகையைத் தூக்கத்தான் வேண்டும் என்பதில் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகமில்லை. கோடாலியும் இருந்தது. பூட்டின்மேல் முதல் அடி யாருடையது என்பதில்தான் தகராறு. பக்கத்து ஊரில் ஒருவன் இப்படி உடைத்துவிட்டு ஆறு மாதம் உள்ளே இருந்தான்.

பூதலிங்கம் மறுகாலின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"வெட்டும் ஓய் மாசிலாமணி! உம்ம வீடுல்லா கரைக்குக் கீழ கெடக்கு!"

"நான் வெட்டிட்டு செயிலுக்குப் போவேன். நீரு நாத்து நட்டுக்கிட்டு இருப்பீரு. உம்ம வயலுதான ஓய் முங்குது? நீரு வெட்டும்!"

"எனக்கு வயலுதான் போவும். உமக்கு பொண்டாட்டி போவா!"

"என் பொண்டாட்டி பேச்சு உம்ம வாயில எதுக்கு வே?"

"ரெண்டு பேருமாச் சேந்து பிடிச்சு வெட்டுங்களேன்!" என்று யாரோ சொன்னார்கள்.

"ஒரு கோடாலிக்கு ரெண்டு பிடி எவன்லே போட்டிருக்கான்?" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பக்கமும் சிரித்தது. மழையில் நனைந்துகொண்டு, கையில் கோடாலியோடு, நாற்பது ஐம்பது ஆண்கள் சிரித்தார்கள்.

பூட்டை யார் உடைக்கலாம் என்று விதியில் இல்லையா என்று மாசிலாமணி என்னைக் கேட்டான். இல்லை. யார் உடைக்கக் கூடாது என்று மூன்று விதிகள் இருக்கின்றன. யார் உடைக்கலாம் என்று ஒன்றும் இல்லை. "விதி இல்லேன்னா போட்டும். நீ உடை. நான் சாட்சி சொல்லுதேன்" என்றேன். அவன் பூதலிங்கத்தைப் பார்த்தான். பூதலிங்கம் அவனைப் பார்த்தார். ஒருவர் கோடாலியை ஓங்கினால் மற்றவர் ஜெயித்ததாக ஆகிவிடும். அந்த முகங்களை எனக்குத் தெரியும். வாய்தாவுக்குப் போகிற முகங்கள்.

"அத்தான், நீங்க போயி ஞானத்தை மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றான் மாசிலாமணி. பிறகு, "வேண்டாம். நானே ஆள் அனுப்புதேன். இப்ப சாவி வந்துரும்" என்றான். நான் இரண்டாவது சொன்னதைக் கேட்கவில்லை. புறப்பட்டேன். மறுகால் குளத்தின் தெற்குக் கோடி. தெரு வடக்குக் கோடி. வரப்பெல்லாம் தண்ணீரில் போய்விட்டதால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அதனால் எட்டரை ஆயிற்று.

காவல் முழுக்கத் தெற்கே. உடைந்தது வடக்கே.

வாத்தியார் பத்து மணிக்குத் திரும்பினார். சாவி இல்லை. ஓவர்சியர் பேச்சிப்பாறை அணைக்குப் போய்விட்டார். அங்கேயும் மழை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று நாள் நாங்கள் மிஷன் கோயிலுக்குள் கிடந்தோம். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில். அய்யாவழிக்காரர்களின் நிழல்தாங்கலிலிருந்து அண்டா அண்டாவாகச் சோறு வந்தது. உள்வாய்க்காரர்களின் வீட்டுப் பெண்கள் சேலை கொண்டுவந்தார்கள். பெண்களுக்கு மறுகால் சண்டை கிடையாது. மாசிலாமணி சாப்பிடவில்லை. ஒவ்வொரு பிணமாகக் கொண்டுவரும்போதும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். வியாழக்கிழமை கீழ்வயலில் ஞானம்மாளின் சேலை கிடைத்தது. அன்று எழுந்து போனவன் திரும்பி வந்து உட்காரவில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். குடையோடும் சேவகனோடும். உடைப்பைத் தூரத்திலிருந்து பார்த்தார். பிறகு மறுகாலுக்குப் போனார். பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். அப்போது நாங்கள் திருவனந்தபுரத்துச் சர்க்காரின் கீழ் இருந்ததால் அவருடைய அறிக்கை மலையாளத்தில் வந்தது. ஊருக்கு நான்தான் படித்துச் சொன்னேன். சர்க்கார் சொத்துகளான பூட்டு, சங்கிலி, பலகை மூன்றும் சேதமின்றி இருக்கின்றன. ஊரார் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தது பாராட்டத்தக்கது. மேல்விசாரணை முடியும்வரை உடைப்பை யாரும் தொடக் கூடாது.

"பாராட்டத்தக்கதா?" என்று மாசிலாமணி கேட்டான்.

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"திரும்ப வாசியுங்க அத்தான்."

வாசித்தேன்.

தொடக் கூடாது என்பதன் பொருள் இது. கரை திறந்து கிடந்தால் குளத்தில் தண்ணீர் நிற்காது. கும்பப்பூ இல்லை. அடுத்த போகமான கன்னிப்பூவும் இல்லை. கிணறுகள் வற்றும். அடுத்த ஐப்பசிக்குள் அடைக்காவிட்டால் கரையின் மிச்சமும் போகும். மிஞ்சிய தெருவும் போகும். மனைவியைப் பறிகொடுத்த மாசிலாமணி அந்தத் தெருவை விட்டு நகர மாட்டேன் என்று இடிந்த சுவர்மேல் ஓலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அவ ஆளை எதிர்பாத்துக்கிட்டு நின்ன எடம் அத்தான்" என்றான்.

கார்த்திகையில் திருவனந்தபுரத்துக்கு மனு எழுதினேன். பணம் கேட்கவில்லை. உடைப்பை ஊரே அடைத்துக்கொள்ள அனுமதி மட்டும். மண் எங்களுடையது. கை எங்களுடையது. அனுமதி உங்களுடையது. கடைசி மூன்று வாக்கியங்களை அடித்துவிட்டு நகலெடுத்தேன். மனுவில் அழகு இருக்கக் கூடாது. மாசியில் நினைவூட்டல். சித்திரையில் நினைவூட்டல். ஆனியில் நினைவூட்டல். தெற்குத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று அதற்குள் பத்திரிகையில் வந்துவிட்டது. கச்சேரியில் இருந்தவனுக்குத் தெரியும். கைமாறப் போகிற தாலுகாவின் கோப்புகளை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். கயிறு போட்டுக் கட்டுவார்கள்.

அதற்குள் ஊர் கலைந்துகொண்டிருந்தது. மரச்சீனிக் கிழங்கைத் தின்று எத்தனை மாதம் இருப்பது? சிலர் மணவாளக்குறிச்சி மணல் கம்பெனிக்கு மண் சுமக்கப் போனார்கள். சிலர் மலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். போனவர்கள் ஓலைக்கீற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அப்படியென்றால் திரும்ப மாட்டார்கள்.

1956 ஆவணி. ஒரு காலை மாசிலாமணி கூடையும் மண்வெட்டியுமாக உடைப்பில் இறங்கினான். தனியாக. நாலைந்து வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போகிற அகலம் அது. அவன் ஒரு கூடை மண்ணைக் கொண்டுபோய் அடியில் கொட்டி, காலால் மிதித்தான். இன்னொரு கூடை. மத்தியானம்வரை. ஊர் வேடிக்கை பார்த்தது. நானும்தான்.

மறுநாள் பூதலிங்கம் வந்தார். குளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, காய்ந்த குளத்துக்குள்ளேயே நடந்து. கரையில் உட்கார்ந்தார். வெற்றிலை போட்டார். துப்பினார்.

"ஒத்தையில மண்ணு போட்டா நண்டு சிரிக்கும் வே."

மாசிலாமணி அடுத்த கூடையைக் கொட்டி மிதித்தான்.

"அது சவுட்டு மண்ணு. நிக்காது. என் வயல்ல களிமண்ணு கெடக்கு. வெட்டிக்கிடும்."

"உம்ம வயலு பள்ளமாயிரும்."

"ஆவட்டும். எடுக்க வேண்டிய நேரத்துல ஒரு கோடாலிய எடுக்கல. இப்ப மம்பட்டியயாவது எடுக்கேன்."

அவர் வயலில் களிமண் வெட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் பழைய வழக்கம் தானாகத் திரும்பியது. வீட்டுக்கு ஓர் ஆள். ஆள் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் இரண்டு ஆள். ஒரு வரி களிமண். அதன்மேல் வைக்கோல். அதன்மேல் களிமண். பெண்கள் வரிசையாக நின்று மிதித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கும்மி அடிப்பதுபோல இருக்கும். யாரும் பாடவில்லை.

தடையுத்தரவோடு ஓவர்சியர் வந்தார். நான் வரவேற்றேன். இதற்காகத்தான் உயிரோடு இருந்தேன் என்றுகூடத் தோன்றியது. உத்தரவைப் பார்த்தேன். 'மேற்படி ஊராருக்கு' என்றிருந்தது.

"இதை யார் கையில் கொடுத்துச் சார்வு செய்யப் போறீங்க?"

"ஊராருக்குத்தான்."

"பேர், தகப்பன் பேர், வீட்டுப் பேர் வேணும். ஆளுக்கொரு நகல் வேணும். வாங்கிக்கொண்டதுக்குக் கையெழுத்து வேணும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பெருவிரல் ரேகையும் இரண்டு சாட்சியும்."

அவர் உடைப்பைப் பார்த்தார். ஏறத்தாழ இருநூறு பேர் நின்றார்கள். எல்லோரும் கையில் மண்ணோடு.

"சாரே, நீங்க படிச்சவர்..."

"அதனால்தான் சொல்றேன்."

நகல் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவில் இருந்த ஓர் ஓவர்சியருக்கு வேறு கவலைகள் இருந்திருக்கும்.

ஐப்பசியில் மழை வந்தது. நவம்பர் முதல் தேதி நாங்கள் சென்னை ராஜ்யம் ஆனோம். நாகர்கோவிலில் வெடி போட்டார்கள். எங்கள் ஊருக்குக் கேட்டது. மாசிலாமணியும் பூதலிங்கமும் உடைப்பு இருந்த இடத்தில், புது மண்ணின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். வெடிச் சத்தம் கேட்டதும் இருவரும் கரையைக் குனிந்து பார்த்தார்கள். வெடி என்று தெரிந்த பிறகும் பார்த்தார்கள். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது மறுகால் பலகையை எடுத்தார்கள். எப்படி எடுத்தார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. பூட்டு சர்க்கார் சொத்து. கரை நின்றது.

இழந்ததைக் கணக்கு எழுதுகிறேன். ஞானம்மாள், என் தங்கை. அவள் பக்கத்து வீட்டில் தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும். மூவரும் ஒரே பாயில் கிடைத்தார்கள். பூதலிங்கத்தின் ஏர்க்காரர் தங்கமணியும் அவர் மனைவியும். நடக்க முடியாத சின்னப்பன், அவரைத் தூக்கப் போன மருமகன். பெயர் வைக்காத ஒரு குழந்தை. ஒன்பது பேர். ஆறு பேரை அடக்கம் செய்தோம். மூன்று பேர் கிடைக்கவில்லை. தெருவில் பதினான்கு வீடு. மாடும் ஆடும் எண்ணவில்லை. இரண்டு போகம் நெல். பூதலிங்கத்தின் வயலில் பாதி, அது இப்போது ஓர் ஆள் ஆழப் பள்ளம், அதில் எதுவும் நட முடியாது. ஊரை விட்டுப் போய்த் திரும்பாதவை பதினொரு குடும்பம்.

மனுவுக்குப் பதில் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து. மேற்படி ஊர் இந்த ராஜ்யத்தின் ஆட்சி எல்லையில் தற்போது இல்லாதபடியால், கரை உடைப்பை அடைக்க அனுமதி கோரும் மனு திருப்பி அனுப்பப்படுகிறது. மனுதாரர் உரிய சர்க்காரை அணுகிக்கொள்ளலாம். கீழே கையெழுத்து. முத்திரை. கோப்பு எண் சரி. இணைப்புகளின் எண்ணிக்கை சரி. ஒரு தவறு இல்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். மாசிலாமணிக்கு ஒருமுறைதான் வாசித்தேன். திரும்ப வாசிக்கச் சொல்லவில்லை.

தபால்காரர் கொண்டுவந்த தேதி: 1956 டிசம்பர் 3, திங்கள்கிழமை.